சுருங்கச் சொல்லலும் குன்றக் கூறலும்: எண்ணெய் நிறுவனங்களின் தொடக்கக் கால விளம்பரச் சுவரொட்டிகள்

பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய பத்து அழகுகளை எண்ணுங்கால் சுருங்கச் சொல்லலை முதலில் வைத்தார். பத்துக் குற்றங்களை எண்ணுங்கால் குன்றக் கூறலை முதலில் வைத்தார். அளவிற் சிறுத்தல் இரண்டிற்கும் பொது. மேலோட்டமாக நோக்குவார்க்கு ஒன்று மற்றொன்றாகவே தோன்றும். ஆயினும் முன்னது அழகு, பின்னது குற்றம். சுருங்கச் சொன்னவிடத்துச் சொல்லாத பொருள் படிப்பவன் உள்ளத்தில் தானே விரிகிறது. குன்றக் கூறியவிடத்து அப்பொருள் இல்லாமலே ஒழிகிறது.

இவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்கப் புகும் தமிழாசிரியர் செய்யுளினின்றே எடுத்துக்காட்டுத் தேடுவது வழக்கம். ஆனால், இருபதாம் நூற்றாண்டில் சுருக்கத்தையே தன் உயிராகக் கொண்டு வளர்ந்த மற்றொரு கலையும் உண்டு. அதுவே விளம்பரச் சுவரொட்டி. அக்கலையின் உயர்ந்த ஆக்கங்கள் சிலவற்றை, 1920 முதல் 1939 வரை, பிரிட்டனில் எண்ணெய் விற்ற நிறுவனங்களே வெளியிட்டன. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், கோலா தெர்லா போன்ற தேயிலை ஊர்களில் பயிலும் மாணவனுக்கு இப்பொருள் தொலைவானதன்று. அவனுடைய முன்னோரின் உழைப்பைப் படமாக்கி உலகிற்குக் காட்டிய கலையும் அதே பட்டறையிற் பிறந்ததே. ஆதலின் அச்சுவரொட்டிகளில் எது சுருக்கம், எது குன்றல் என்று பிரித்தறிவது ஓவியத் திறனாய்வுக்கு மட்டும் உரிய வேலையன்று. தமிழ் வகுப்பறைக்கும் அது பயன்படும்.

நீக்குவதே ஆக்குவது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் விளம்பரங்கள் நிறைவை நாடின. பொருளின் பெயர், அதன் பெருமை, பெற்ற பதக்கங்கள், பூங்கொடி, அழகிய பெண், தொழிற்சாலையின் தோற்றம் ஆகிய யாவும் ஒரே தாளில் நெருங்கி நின்றன. தமிழர் இல்லங்களில் தொங்கிய சிவகாசி நாட்காட்டிகளை எண்ணிப் பார்ப்பவர்க்கு இந்நிறைவு எளிதில் விளங்கும். கோவில்பட்டியிலிருந்து கொண்டையராஜுவும் அவர்தம் மாணாக்கரும் வரைந்த தெய்வப் படங்களில் வெற்றிடம் என்பதே அரிது. அணிகலனும் மலரும் ஒளிவட்டமும் படத்தை நிரப்ப, கீழே கடையின் பெயர் நிற்கும். அது வழிபாட்டுக்குரிய நிறைவு. ஓராண்டுக் காலம் ஒரே சுவரில் இருந்து நாள்தோறும் பார்க்கப்படுவது அது.

சுவரொட்டியின் நிலை வேறு. நடந்தோ வண்டியிலோ கடந்து செல்பவன் ஒரு நொடியில் அதனைக் கண்டு கொள்ள வேண்டும். இத்தேவையை முதலில் தெளிவாக உணர்ந்தவர்களுள் ஒருவர் ஜெர்மானியரான லூசியன் பெர்ன்ஹார்ட். 1906ஆம் ஆண்டளவில் பெர்லினில் ப்ரீஸ்டர் என்னும் தீக்குச்சிக்காக நடந்த சுவரொட்டிப் போட்டிக்கு அவர் படம் வரைந்தார். முதலில் மேசை, சாம்பற்கிண்ணம், சுருட்டு, ஆடும் மகளிர் எனப் பலவும் அதில் இருந்தன என்றும், அவற்றை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே சென்று ஈற்றில் இரண்டு தீக்குச்சிகளையும் நிறுவனத்தின் பெயரையும் மட்டுமே அவர் எஞ்ச விட்டார் என்றும் கூறுவர். சுவரொட்டிக் கலையில் நவீனம் என்பது இவ்வாறு நீக்குதலில் தொடங்கியது.

இந்நெறியை ஆங்கில நாட்டில் வளர்த்தவர் எட்வர்ட் மெக்னைட் காஃபர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 1890இல் பிறந்த இவர் 1914இல் லண்டன் சென்றார். லண்டன் சுரங்க இரயில் நிறுவனத்தின் விளம்பரப் பொறுப்பிலிருந்த ஃபிராங்க் பிக் 1915இல் அவருக்குச் சுவரொட்டி வரையும் பணியை வழங்கினார். கனசதுர ஓவிய இயக்கம் கண்டறிந்த வடிவங்களைத் தெருச்சுவருக்குக் கொண்டு வந்தவர் காஃபர். நிழலும் ஆழமும் நீக்கிய தட்டையான வண்ணம், கோணமும் வட்டமுமாகச் சுருங்கிய உருவம், படத்தோடு இணைந்து நிற்கும் எழுத்து ஆகியன அவர்தம் கலையின் கூறுகள்.

முகமில்லாத பொருள்

எண்ணெய் நிறுவனங்கள் இக்கலையை நாடியமைக்குக் காரணம் அவை விற்ற பொருளின் இயல்பிலேயே உண்டு. துணியைத் தொட்டுப் பார்க்கலாம். தேயிலையை முகர்ந்து பார்க்கலாம். எண்ணெய்க்கோ முகமில்லை. ஒரு நிறுவனத்தின் எண்ணெயையும் மற்றொன்றின் எண்ணெயையும் கண்ணாற் பிரித்தறிதல் வாங்குவோர்க்கு இயலாது.

மண்ணெண்ணெய்க் காலத்தில் தகர டின்னே எண்ணெயின் முகமாக இருந்தது. லண்டனில் கீழைநாட்டுக் கிளிஞ்சல் வாணிகம் செய்த குடும்பத்தில் தோன்றிய மார்க்கஸ் சாமுவேல், 1892இல் மியூரெக்ஸ் என்னும் எண்ணெய்க் கப்பலைச் சூயஸ் கால்வாய் வழியே கீழ்த்திசைக்கு அனுப்பினார். எண்ணெயை மலிவாகக் கொண்டு வந்து சேர்த்தும் விற்பனை எதிர்பார்த்தவாறு அமையவில்லை. போட்டியாளரான ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் நீல டின்களை மக்கள் விரும்பினர். எண்ணெய் தீர்ந்த பின்னும் அந்த டின் வீட்டிற்குப் பயன்பட்டதே காரணம். சாமுவேல் தகரத் தகடுகளை வரவழைத்துக் கீழைநாடுகளிலேயே செந்நிற டின்களைச் செய்வித்தார். எழுத்தறியாதவரும் நிறத்தாலேயே பொருளை அடையாளம் கண்டனர். யானை மார்க், கோழி மார்க் என்று சின்னத்தைச் சொல்லிப் பொருள் வாங்கும் தமிழ் மக்களின் வழக்கமும் இதனோடு ஒத்ததே. மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் சுமந்த தோட்டத்துத் தலைமுறைக்கு இவ்வரலாறு நூலறிவன்று, கையறிவு.

1897இல் நிறுவப்பட்ட சாமுவேலின் நிறுவனம் கிளிஞ்சலின் பெயரையே தாங்கி ஷெல் எனப்பட்டது. 1904 முதல் விசிறி போன்ற சிப்பி அதன் சின்னமாயிற்று. மோட்டார் வண்டிகள் பெருகிப் பெட்ரோல் நிலையங்கள் தோன்றியபின் டின்னும் மறைந்தது. நிலத்தடித் தொட்டியிலிருந்து குழாய் வழியே வண்டிக்குள் இறங்கும் பெட்ரோலை வாங்குபவன் காண்பதே இல்லை. காணாத பொருளுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அம்முகத்தை ஓவியர் தந்தனர்.

ஷெல் நிறுவனம் 1920 முதல் தன் லாரிகளின் பக்கங்களில் சுவரொட்டிகளை ஒட்டியது. நாட்டுப்புறச் சாலைகளில் விளம்பரப் பலகைகள் இயற்கை அழகைக் கெடுக்கின்றன என்னும் எதிர்ப்பு எழுந்தபோது, தன் பலகைகளை அகற்றவும் அது இசைந்தது. 1930களில் ஜாக் பெடிங்டன் விளம்பரத் துறையை நடத்தினார். 1932இல் ஷெல், பி.பி. ஆகிய இரண்டின் பிரிட்டானிய விற்பனையும் ஒரே நிறுவனத்தின்கீழ் வந்தது. பெடிங்டன் பெயர்பெற்றவர்க்கும் பெயர்பெறாத இளைஞர்க்கும் ஒருங்கே பணி தந்தார். பால் நாஷ், கிரகாம் சதர்லண்ட், வனெசா பெல், பென் நிக்கல்சன் முதலிய ஓவியர் லாரியின் பக்கப் பலகைக்காக வரைந்தனர். ஓவியக் கூடத்துள் நுழையாத பொதுமக்களிடம் நவீன ஓவியம் லாரியேறிச் சென்றது. இது மறுக்கவொண்ணாத தொண்டு.

உள்ளுறையாக நிற்கும் எண்ணெய்

அச்சுவரொட்டிகளுட் சிலவற்றைக் காணலாம். வனெசா பெல் 1931இல் வரைந்தது ஆல்ஃபிரிஸ்டன் என்னும் சிற்றூர். அதே ஆண்டில் காஃபர் வரைந்தது இரவு வானின்கீழ் நிற்கும் ஸ்டோன்ஹெஞ்ச் பெருங்கற்கள். 1932இல் பால் நாஷ் வரைந்தது ரை என்னும் ஊரின் சதுப்புநிலம். இவற்றில் பெட்ரோல் விற்பனைக்கான வாதம் எதுவும் இல்லை, நிலம் இருக்கிறது, நிறுவனத்தின் பெயரும் ஒரு சிறு தொடரும் இருக்கின்றன. அவ்வளவே.

நன்னூலின் கண்கொண்டு பார்த்தால் இது மற்றொன்று விரித்தல் என்னும் குற்றமாகத் தோன்றலாம். பெட்ரோல் விற்கப் புகுந்தவன் ஊரை வருணிக்கிறான் அன்றோ? ஆனால், தொல்காப்பியம் கூறும் உள்ளுறையை அறிந்த தமிழ் மாணவன் இதனைக் குற்றமெனக் கொள்ளான். அகப்பாடலில் புலவன் பொய்கையையும் மீனையும் நாரையையும் பாடுகிறான். கேட்பவனோ தலைவனின் ஒழுக்கத்தை அறிந்து கொள்கிறான். சொல்லிய கருப்பொருளின் உள்ளே சொல்லாத உரிப்பொருள் உறைகிறது. சுவரொட்டியிலும் நிலம் வெளிப்படை, பயணம் உள்ளுறை. இவ்வூரைக் காண வண்டி வேண்டும், வண்டிக்கு எண்ணெய் வேண்டும் என்னும் முடிபைப் பார்ப்பவனே தன் உள்ளத்துள் சேர்த்துக் கொள்கிறான். தானே கண்ட முடிபாதலின் அதனை அவன் ஐயுறுவதும் இல்லை.

காஃபரின் வேறு சில ஆக்கங்கள் உவமையால் இயங்குவன. 1933இல் பி.பி. எதில் என்னும் பெட்ரோலுக்கு அவர் அமைத்த சுவரொட்டியில் வண்டி இல்லை, குதிரை இருக்கிறது. பொறியின் ஆற்றலைக் குதிரைத்திறன் என்று அளக்கும் வழக்கையே அவர் படமாக்கினார். நடிகரும் மந்திர வித்தைக்காரரும் தங்கள் பெட்ரோலையே விரும்புகின்றனர் என்று கூறும் தொடர் ஒன்றும் அதே காலத்தது. அவ்விரு தொழிலாளர்க்கும் பெட்ரோலுக்கும் இயல்பான தொடர்பு ஏதுமில்லை. தொடர்பின்மையே நகைச்சுவையாகி நினைவில் நிலைக்கிறது. கலைத்திறன் என்னும் அளவில் இவையனைத்தும் சுருங்கச் சொல்லலுக்குத் தக்க சான்றுகள்.

குன்றிய இடம்

இனி, மறுபக்கம் நோக்கத்தக்கது. உள்ளுறை உள்ளுறையாவதற்கு ஓர் அடிப்படை வேண்டும். பாடுபவனும் கேட்பவனும் ஒரே நிலத்தை அறிந்திருத்தல் வேண்டும். நாரை மீனுண்ணும் என்பதை அறியாதவனுக்கு நாரையால் எதையும் குறிப்பாக உணர்த்த இயலாது. சொல்லாத பொருளைக் கேட்பவன் தன் அறிவால் நிரப்புவதே சுருக்கத்தின் இலக்கணம்.

எண்ணெய்ச் சுவரொட்டியில் சொல்லாதவை இரண்டு வகை. எண்ணெயை எரித்து எங்கே செல்லலாம் என்பது ஒன்று. அது பார்ப்பவன் அறிந்தது. ஆதலின் அவன் நிரப்பிக் கொள்கிறான். எண்ணெய் எங்கிருந்து, யாருடைய கைகளால் வந்தது என்பது மற்றொன்று. அதனை அவன் அறியான். அறியும் வாய்ப்பும் அச்சுவரொட்டியில் இல்லை. ஷெல் குழுமத்தினர் சரவாக்கின் மிரியில் 1910ஆம் ஆண்டின் இறுதியில் எண்ணெய் கண்டனர். மிரியின் மண்ணும் நிலமே. அங்கும் காலையும் மாலையும் உண்டு. ஆனால், புகழ்பெற்ற அந்நிலக்காட்சித் தொடர்கள் எண்ணெய் எரியும் நிலத்தை வரைந்தன; எண்ணெய் எடுக்கும் நிலத்தை நாடவில்லை.

1938ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக் கொண்டாலும் இவ்வேறுபாடு தெளிவாகும். அவ்வாண்டில் பென் நிக்கல்சன், செந்நிறச் சட்டை அணிந்த அரண்மனைக் காவற்படையினரைப் பொம்மைகள் போன்ற எளிய வடிவங்களாக்கி ஷெல்லுக்காக அழகியதொரு சுவரொட்டி படைத்தார். அதே ஆண்டில் பர்மாவின் யேனாங்யாங், சவுக் எண்ணெய்வயல்களில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, பின்னர் ரங்கூனை நோக்கி நெடுந்தொலைவு நடந்தனர். அவ்வயல்களிற் பெரும்பங்கு பர்மா ஆயில் நிறுவனத்துக்குரியது. பி.பி. என்னும் பெயரின் பின்னிருந்த பாரசீக எண்ணெய் நிறுவனத்தை 1909இல் தோற்றுவித்ததும், இந்தியாவில் 1928இல் ஷெல்லோடு இணைந்து பர்மா ஷெல் என்னும் பெயரில் விற்பனை தொடங்கியதும் அந்நிறுவனமே. முதலீட்டின் வழிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. சுவரொட்டியிலோ செந்நிறம் காவற்படையின் சட்டை நிறமாக மட்டுமே நின்றது.

சுவரொட்டி தொழிலாளர் நிலை பற்றிய அறிக்கையன்று, எல்லாவற்றையும் அது சொல்ல வேண்டுமோ என்று வினவலாம். தக்க வினாவே. ஒரு தாளில் எல்லாம் அடங்கா. பெர்ன்ஹார்டின் இரு தீக்குச்சிகளைப் பார்த்து, தீப்பெட்டித் தொழிலாளி எங்கே என்று கேட்பது கலையறியாமை. ஆயினும் ஒரு படத்தின் சுருக்கம் வேறு. ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் நீண்ட ஒரு தொடரின் போக்கு வேறு. ஒரு பாடலில் ஒரு திணை இல்லையெனில் அது பாடலின் எல்லை. ஒரு தொகைநூல் முழுவதிலும் ஒரு திணை இல்லையெனில் அது தொகுத்தவன் விருப்பம். அங்கே சுருங்கச் சொல்லல் தன் எல்லையைக் கடந்து குன்றக் கூறலாகிறது.

காட்டியும் மறைத்தல்

எண்ணெய்ச் சுவரொட்டி உழைப்பவனைக் காட்டாமல் மறைத்தது. தேயிலைச் சுவரொட்டியோ காட்டியே மறைத்தது. இரண்டையும் ஒப்பிட இடம் தருவது பேரரசு விற்பனை வாரியம். 1926இல் பிரிட்டானிய அரசு தோற்றுவித்த அவ்வாரியம் 1933 வரை இயங்கியது. பேரரசின் விளைபொருள்களை மக்கள் வாங்கச் செய்வது அதன் நோக்கம். அதன் சுவரொட்டிக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், காஃபருக்கு முதலில் பணி தந்த அதே ஃபிராங்க் பிக். காஃபரும் அவ்வாரியத்துக்காக வாழை, கொக்கோ போன்ற வெப்பநாட்டு விளைபொருள்களை வரைந்தார். எண்ணெய்க்குப் பயன்பட்ட தட்டை வண்ணமும் எளிய வடிவமும் இங்கே தோட்டத்துக்குப் பயன்பட்டன.

இலங்கைத் தேயிலைக்கான விளம்பரங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப்பெண் அதற்கு முன்னரே இடம்பெற்று விட்டாள். 1890இல் இலங்கையில் தோட்டங்கள் வாங்கிய லிப்டன் நிறுவனம், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் குவளைக்கு என்னும் கருத்தை அவள் உருவத்தைக் கொண்டே பரப்பியது. நவீனச் சுவரொட்டி அவ்வுருவத்தை மேலும் எளிதாக்கியது. சேலை ஒரு வண்ணப் பரப்பாயிற்று; கூடை ஒரு வளைகோடாயிற்று; பச்சை நிரைகளின் நடுவே அவள் ஓர் அழகிய புள்ளியானாள். புள்ளிக்குப் பெயர் இல்லை, கூலி இல்லை, களைப்பும் இல்லை. கண்ணுக்கு முன்னே அவள் நிற்பதால், அவளைப் பற்றி அறிய வேண்டியதை அறிந்துவிட்டதாகவே பார்ப்பவன் எண்ணுகிறான். காட்டாமல் மறைப்பதைவிடக் காட்டி மறைப்பது வலிமை மிக்கது.

விடுதலை பெற்ற நாட்டிலும் இம்முறை மாறியதென்று கூற இயலாது. 1947இல் இந்தியத் தேயிலை விற்பனை விரிவாக்க வாரியத்துக்காக வங்காள ஓவியர் அன்னதா முன்ஷி அமைத்த சுவரொட்டி புகழ்பெற்றது. அதில் ஒரு பெண் இராட்டையின் முன் அமர்ந்து தேநீர் அருந்துகிறாள். தேநீர் முழுவதும் சுதேசி என்பது அதன் செய்தி. தேசிய இயக்கத்தினர் பலர் ஐயுற்ற ஒரு பானத்தை இராட்டையின் அருகே வைத்துத் தூய்மை செய்த அதன் திறன் வியக்கத்தக்கது. அன்றைய தேயிலைத் தோட்டங்களிற் பெரும்பாலானவை பிரிட்டானிய நிறுவனங்களின் கையில் இருந்தன என்பது அங்கே குன்றிய பகுதி.

கோலா தெர்லாவிலிருந்து ஒரு பார்வை

கேமரன் மலையின் தேயிலையும் இச்சுவரொட்டிக் காலத்தின் குழந்தையே. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை 1931ஆம் ஆண்டளவில் முடிவுற்றது. அங்கே ஷெல் லாரிகள் பால் நாஷின் சதுப்புநிலத்தைச் சுமந்து சென்ற ஆண்டுகளில், இங்கே காடு வெட்டப்பட்டுத் தேயிலைக் கன்றுகள் நடப்பட்டன. பிரிஞ்சாங்கைக் கடந்து கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் சாலையில் இருப்பது கோலா தெர்லா. கோலா என்னும் மலாய்ச் சொல் ஆறு கூடும் இடத்தைக் குறிக்கும். இரு காட்சிகள் கூடும் இடமாகவும் அவ்வூரைக் கருதலாம். சாலை வழியே வரும் பயணி காண்பது சுவரொட்டியின் நிலம்: பனிமூட்டம், பச்சை நிரை, குளிர். விடியலில் பெரட்டுக்கு நின்றவரின் பேரப்பிள்ளை அறிந்தது மற்றொரு நிலம்: ஈரச் சேலை, அட்டைக் கடி, கூடையின் சுமை, நிறுவைத் தராசின் முன் நிற்கும் அச்சம், லயத்து வாழ்வு.

இன்று அம்மலையின் தேயிலைத் தோட்டங்களில் வங்காளதேசத்தினரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் பெருமளவில் உழைக்கின்றனர். பல இடங்களில் விரல்நுனிக்குப் பதிலாகக் கத்தரியும் பொறியும் கொழுந்தை வெட்டுகின்றன. ஆயினும், இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளும் மெல்லிய விரல்களின் படம் மட்டும் உலகெங்கும் தேயிலையின் சின்னமாகத் தொடர்ந்து வாழ்கிறது. உண்மை மாறிய பின்னும் சுருக்கம் மாறவில்லை. இத்தகைய படத்தைத் தன் பாட்டியின் வரலாறாக ஒரு மாணவன் ஏற்றுக் கொள்வானாயின் இழப்பு அவனுக்கே. அவன் குடும்பத்தில் வாய்மொழியாக எஞ்சியிருக்கும் அறிவே குன்றியதை நிரப்ப வல்லது. ஆங்கிலப் பார்வையாளனுக்கு இல்லாத அவ்வறிவு அவனிடம் உண்டு. ஒரு தேயிலைப் படத்தை வகுப்பில் வைத்து, இதில் சுருங்கியது எது, குன்றியது எது என்று வினவும் ஆசிரியர் நன்னூலையும் கற்பிக்கிறார், வாழ்க்கையையும் கற்பிக்கிறார்.

இவ்வளவுகோல் பிறர் ஆக்கங்களுக்கு மட்டும் உரியதன்று. தோட்டத்தைப் பாடும் தமிழ்க் கவிதையும் சில வேளைகளில் சுவரொட்டியாகி விடுகிறது. வியர்வை என்று ஒரு சொல், கொழுந்து என்று ஒரு சொல், கண்ணீர் என்று ஒரு சொல். இவை மூன்றையும் அடுக்கிவிட்டால் உழைப்பாளியைப் பாடியதாகக் கொள்ளும் போக்கு உண்டு. அங்கும் அவளுக்குப் பெயரில்லை. அவள் ஒரு புள்ளியே. வணிகன் அவளைச் சிரிக்க வைத்தான். கவிஞன் அழ வைக்கிறான். இருவரும் அவளைப் பேசவிடவில்லையெனில் இருவர் குற்றமும் ஒன்றே.

காஃபரும் நாஷும் கற்பித்த சிக்கனம் தமிழ் எழுத்தாளனுக்கு வேண்டத்தக்கதே. வேண்டாதவற்றை அழிக்கத் துணிந்த கைதான் கலையின் கை. ஆனால், ஒவ்வொன்றை அழிக்கும்போதும் ஒரு வினா எழுதல் வேண்டும்: அழிக்கப்படுவதைப் படிப்பவன் தானே மீட்டுக் கொள்வானா, அன்றி அஃது என்றைக்குமாக மறைந்து போகுமா? மீட்டுக் கொள்வான் எனின் அது சுருங்கச் சொல்லல். மறைந்து போகும் எனின், வண்ணம் எத்துணை அழகியதாயினும், அது குன்றக் கூறலே.